ஒரு பிரகதி போதும்

கோகிலவாணியின் மகள் பிரகதி பள்ளிக்கூட வேனிலிருந்து இரண்டு பேராக இறங்கிய அன்று, கருங்கல்மேட்டில் ஆடிக்காற்று பண்ணைகளிலிருந்து கோழி இறகுகளை வாரிக்கொண்டு வந்து வீட்டுக்கு வீடு வாசலில் கொட்டியிருந்தது. அதனால் பெண்கள் எல்லோரும் சீமாரும் கையுமாகத் தெருவில் நின்றிருந்தார்கள். அதனால் எல்லோருமே பார்த்தார்கள். முதலில் ஒரு பிரகதி இறங்கினாள். பின்னாலேயே இன்னொரு பிரகதி இறங்கினாள். அதே நீலச் சீருடை, அதே ரெட்டைச் சடை, சைக்கிளிலிருந்து விழுந்ததில் இடது புருவத்தில் ஏற்பட்ட அதே தழும்பு. வேன் டிரைவர் இறங்கி வந்து, காலையில் ஏறும்போது பாப்பா ஒருத்தியாகத்தான் ஏறினாள், திரும்பி வரும்போது நாமக்கல் தாண்டிக் கண்ணாடியில் பார்த்தால் இரண்டாக இருந்தாள், வழியில் தான் யாரையும் ஏற்றவில்லை என்று பொறுப்பாகச் சொல்லிவிட்டு, நாளைக்கு ஒரு இடம் போடுவதா இரண்டு இடமா என்று மட்டும் கேட்டான்.

கோகிலவாணி உள்ளே போய் இன்னொரு டம்ளர் பால் காய்ச்சினாள். அவளுக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஒரு வருஷமாகவே, மகள் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு நகராமல் நிற்கும்போதும், வகுப்பில் டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கே உடம்பெல்லாம் வியர்த்து ஓடிவந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும்போதும், பதிமூன்று வயசுப் பிள்ளையின் அந்த ஒட்டடைக்குச்சி உடம்புக்குள் இத்தனை பாடு எப்படித்தான் இருக்கிறதோ என்று அவள் நினைத்துக்கொண்டேதான் இருந்தாள். இடம் பற்றாமல் ஒன்று வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்பா செங்கோட்டுவேல் வேலை முடிந்து வந்தவர் இருவரையும் நிற்க வைத்து மேலும் கீழும் பார்த்தார். முட்டைக்கோழிப் பண்ணையில் அவர் சூப்பர்வைசர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூண்டு வரிசைக்கு நடுவே நடந்துபோவார். நடையை நிறுத்தாமலேயே மோவாயால் இது, அது என்று காட்டுவார். பின்னால் வரும் ஆட்கள் முட்டை விடாத கோழிகளை இழுத்துப் போடுவார்கள். கழிவுக்கோழி பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அவர் காட்டிய கோழிகள் நிஜமாகவே முட்டை விடாதவைதானா என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, பார்ப்பதற்குள் லாரி போயிருக்கும். அன்று அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

அரைப் பரீட்சை சமயத்தில் மூன்றாமவள் வந்தாள். எப்படி வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. மற்ற இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்த பகலில் கோகிலவாணி கட்டிலைத் தட்டிப்போடப் போனால், கொசுவலைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு பிரகதி படுத்திருந்தாள். எத்தனை நேரமாகப் படுத்திருக்கிறாய் கண்ணு என்று கேட்டதற்கு, ரொம்ப நாளாக என்றாள்.

ஊர் இதைப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. முதலில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: இதில் நிஜமான பிரகதி எவள்? பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார்கள். மூவருக்கும் வலித்தது. மாமன்மார் வந்து பழைய சங்கதிகளைக் கேட்டுப் பார்த்தார்கள். மூவருக்கும் ஞாபகம் இருந்தது. கடைசியில் கேள்வியை விட்டுவிட்டுப் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி எந்நேரமும் குழாயடியில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள், விரலிடுக்கில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தாலும் விடமாட்டாள், அவள் கழுவுறவ. ஒருத்தி நின்ற இடத்தில் நிற்கமாட்டாள், பாத்திரம் விழுந்தால் அலறுவாள், யாராவது பின்னால் வந்தால் திரும்பிக் கடித்துவிடுவாள், எதற்கென்று தெரியாத பயம் அவளுக்குக் கோபமாகவே வரும், அவள் பதறுறவ. மூன்றாமவள் சொன்னால் உட்காருவாள், சொன்னால் எழுந்திருப்பாள், பார்த்தால் சிரிப்பாள். அவள் நல்லவ.

பெயர் வைத்த பிறகு ஊருக்கு அவர்களால் உபயோகமும் உண்டாயிற்று. பொங்கலுக்கு முன்னால் பித்தளைச் சாமான் விளக்க வேண்டியவர்கள் கழுவுறவளைக் கூட்டிப்போனார்கள்; அவள் அண்டா, குண்டான், தவலை எல்லாவற்றையும் முகம் பார்க்கும்படி தேய்த்துவிட்டு, போதும் என்று சொன்ன பிறகும் முதலிலிருந்து தேய்க்க ஆரம்பிப்பாள்; அவர்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பதறுறவளுக்குப் பின்னால் போய் டப்பென்று தகரத்தைத் தட்டி, அவள் எகிறுவதைப் பார்ப்பது பஸ் நிறுத்தத்தில் உட்காருகிறவர்களுக்குப் பொழுதுபோக்காயிற்று. உறவினர் வந்தால் அவர்களுக்கும் கூட்டிவந்து காட்டினார்கள். நல்லவளைக் கல்யாண வீடுகளில் குழந்தைகளிடம் உட்கார வைத்தார்கள். எத்தனை குழந்தை ஏறி மிதித்தாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் அப்படியே. நோட்டுகளைப் பார்வையிட அதிகாரி வந்தால் கழுவுறவளை அனுப்பச் சொன்னார்கள், அவள் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். ஓட்டப்பந்தயத்துக்குப் பதறுறவளைக் கேட்டார்கள். மற்ற நாளெல்லாம் நல்லவளே வரட்டும் என்றார்கள்.

தாயாருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியவில்லை. மூவரும் ஒரே கட்டிலில் கையும் காலும் பின்னித்தான் தூங்குவார்கள். கழுவுறவளுக்குக் குழாயைப் பூட்டிவிட்டால் பதறுறவள் பல்லைக் கடித்துச் சுவரில் மோதுவாள். பதறுறவளை ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டால் நல்லவள் தட்டைத் தொடமாட்டாள். நல்லவள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால் கழுவுறவளின் கை இன்னும் வேகமாகத் தேய்க்கும்.

செங்கோட்டுவேல் வைத்தியம் பார்க்காமல் இல்லை. கழுவுறவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார், களிம்பு தந்தார்கள், களிம்பையும் கழுவினாள். பதறுறவளை மலையடிவாரத்தில் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனார். வேப்பங்குழையால் அடித்துத் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தான். திரும்பி வந்து இரண்டு நாள் நடக்க முடியாமல் கிடந்தாள், அதைக் குணம் என்று எண்ணிக்கொண்டார்கள். நல்லவளை எங்கும் கூட்டிப்போகவில்லை. அவளுக்குத்தான் ஒன்றும் இல்லையே.

சேலத்து ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருக்கிறாள் என்று பண்ணையில் தன்னோடு முட்டை அடுக்குகிற ஒருத்தி சொல்ல, கோகிலவாணி வீட்டில் சொல்லாமல் பதறுறவளை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் பெயர் நஸ்ரின். சின்ன வயசு. பதறுறவளிடம் வெகுநேரம் பேசிவிட்டு, மற்றவர்கள் எங்கே என்று கேட்டாள். கோகிலவாணி சொல்லவே இல்லை. ஆனாலும் கேட்டாள். ஒருத்தியை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் மற்றவர்கள் இவளைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வந்தால்தான் தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்றாள்.

அடுத்த தடவை மூவரும் போனார்கள். டாக்டர் மூவரையும் எதிரே உட்கார வைத்து, மாற்றி மாற்றிக் கேட்டு, மாற்றி மாற்றிச் சிரிக்க வைக்கப் பார்த்து, கடைசியில் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தாயாரிடம் பேசினாள்.

“பயந்தவதான் முதல்ல வந்தாம்மா. அந்தப் பயத்தை அடக்கத்தான் கழுவுறவ வந்தா. இவங்க ரெண்டு பேரையும் சுமந்து சுமந்து மாளாம படுத்தவ மூணாவது. மூணும் சேர்ந்து ஒரே நோவுதான், தனித்தனியாப் பிரிக்க முடியாது. சத்தம் போடறவங்களைப் பார்த்து எனக்குப் பயமில்ல. அந்தச் சிரிக்கிற பொண்ணைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு.”

“அவ ஒரு தொந்தரவும் பண்றதில்லீங்களே,” என்றாள் கோகிலவாணி.

“அதாம்மா,” என்றாள் டாக்டர்.

ராசிபுரம் வழியாகப் பஸ்ஸில் போவதும் வருவதுமாகக் கொஞ்ச மாதம் ஓடிற்று. மாத்திரை உண்டு, பேச்சு உண்டு, வீட்டில் செய்யச் சொன்ன சின்னச் சின்னப் பயிற்சிகள் உண்டு. கழுவுறவள் ஒருநாள் கையை நனைக்காமலேயே சோறு உண்டாள், உண்டு முடித்துவிட்டு அழுதாள். நல்லவள் ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்று குறை சொன்னாள். கோகிலவாணி அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதறுறவளையும் கழுவுறவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துத் தலைவாரினாள். இரண்டு தலைக்கும் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிப் பின்னி நுனிக்கு வந்தபோது கையில் ஒரே சடைதான் இருந்தது, கண்ணாடியில் ஒரு முகம்தான் தெரிந்தது. கோழிவண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தெருவில் போயிற்று. முகம் திரும்ப இரண்டாகிவிட்டது. பரவாயில்லை என்று நினைத்தாள். வழி தெரிந்துவிட்டது, இனி நடக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தாள்.

செங்கோட்டுவேலின் அக்காள் ருக்குமணி தன் முட்டிவலிக்காக அதே ஆஸ்பத்திரிக்கு வந்தவள், மனநலப் பிரிவு பெஞ்சில் தம்பி பெண்டாட்டியும் மூன்று பிரகதிகளும் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். முட்டியைக்கூடக் காட்டாமல் பஸ் ஏறினாள். அவள் மகனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் பேசி முடிக்கும் நேரம். அன்று மாலையே மாமன்கள், சித்தப்பாக்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து காபி குடித்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று பேர் வந்துவிட்டால் இந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கும் நல்லது நடக்காது என்றார்கள். மூன்று பேரை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது என்றார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. யாரும் கெட்டவர்களும் இல்லை. வரும்போது பிள்ளைகளுக்கு மிக்சர் வாங்கி வந்திருந்தார்கள்.

ருக்குமணிதான் அதைச் சொன்னாள். “தம்பி, பெத்தது ஒண்ணு. ஒண்ணு இருந்தாப் போதாதா?”

செங்கோட்டுவேல் எழுந்தார். மூவரும் நின்றிருந்த உள்ளறைக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் ஒருமுறை நடந்தார். மோவாயை மட்டும் அசைத்தார்.

காவிரிக் கரையில் ஒரு மடம் இருந்தது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்களை அங்கே விடுவார்கள். மறுநாள் விடியற்காலையில் பண்ணையின் முட்டைவண்டி வாசலில் வந்து நின்றது. கோகிலவாணி வேண்டாமென்று சொல்லவில்லை, அழவில்லை, டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தலைவாரி விட்டாள், புதுப் பாவாடை எடுத்துக் கொடுத்தாள், வழியில் தின்னப் பொரி உருண்டை கட்டினாள். பதறுறவள் அலறுவாள், கடிப்பாள் என்று நினைத்து இரண்டு ஆட்களைக் கூட்டி வந்திருந்தார்கள்; அவள் தானாகவே ஏறி மூலையில் உட்கார்ந்துகொண்டாள். கழுவுறவள் மட்டும் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“அங்க தண்ணி வருமாம்மா?”

“ஆத்தங்கரைதான் கண்ணு. நெறைய வரும்,” என்றாள் கோகிலவாணி.

நல்லவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அவளைப் பார்த்தார்கள், அதனால் சிரித்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு வந்த நிம்மதியைப் பற்றி ஊரே பேசிற்று. குழாய் சும்மா கிடந்தது. சுவரில் யாரும் மோதவில்லை. சேலத்துக்குப் போவதும் நின்றது. செங்கோட்டுவேலுக்கு நல்ல காலம் திரும்பிவிட்டது என்றார்கள். ருக்குமணியின் மகன் கல்யாணத்தில் பிரகதி பட்டுப்பாவாடை கட்டிப் பன்னீர்ச் செம்போடு மண்டப வாசலில் நின்றாள். பார்த்தவர்களெல்லாம் எத்தனை அடக்கம் என்றார்கள். அடங்காத பெண்களைப் பெற்றவர்கள் அவளைச் சுட்டிக்காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நன்னடத்தைக்கென்று அவளுக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, எங்கே வைக்க வேண்டும் என்று யாராவது சொல்லும்வரை மேடையிலேயே நின்றாள். குழம்பில் உப்பில்லை என்று அவள் பிறகு சொல்லவே இல்லை. கோகிலவாணி வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தாள், பிறகு உப்பை அள்ளிப் போட்டு வைத்துப் பார்த்தாள். இரண்டையும் அவள் ஒன்றுபோலவே நன்றாக இருக்கிறது என்றாள். அதே சட்டை ஒவ்வொரு மாதமும் அவளுக்குப் பெரிதாகிக்கொண்டே வந்தது. கட்டிலில் இரண்டு பேர் படுக்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டுச் சுவரோரத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தாள்.

கோடை வந்தது. ஒரு காலையில், பள்ளிக்கூட வேன் வரும் நேரத்தில் வீட்டில் பிரகதியைக் காணாமல் கோகிலவாணி தேடிக்கொண்டு போனாள். ஊருக்குக் கிழக்கே பழைய கல்லுக்குழியில் தண்ணீர் பச்சையாக நின்றது. அதன் விளிம்பில், செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, மகள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணி ஓடவில்லை, கூப்பிடவில்லை. சத்தம் கேட்டால் என்ன ஆகுமோ என்று முழங்காலால் தவழ்ந்துபோய்ப் பின்னாலிருந்து பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மகள் திரும்பிப் பார்த்தாள். தாயைப் பார்த்ததும் சிரித்தாள். வெயிலில் எதற்கம்மா வந்தாய் என்று கேட்டாள்.

கோகிலவாணி பிடித்த பாவாடையை விடவில்லை. மகள்தான் பேசினாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி, குரல் ஏறாமல் இறங்காமல்.

“அவங்க ரெண்டு பேரும் இருந்தப்ப எனக்குப் பயமாவாச்சும் இருந்துச்சும்மா. இந்தக் குழிகிட்டவே வரமாட்டேன். இப்பப் பயப்படறதுக்கு வீட்ல ஆள் இல்ல.”

கோகிலவாணி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மகளுக்குக் கனமே இல்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பிறகு செருப்பை எடுத்து மகள் காலில் மாட்டி, வீட்டுக்குப் போகாமல், புடவை மாற்றாமல், நெடுஞ்சாலையில் கிடைத்த முதல் பஸ்ஸை நிறுத்தி ஏறினாள்.

மடம் என்றால் ஒரு கோபுரமும் சாமியும் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். தகரக் கொட்டகைகள்தான் இருந்தன, பண்ணையில் இருப்பது போல நீளமாக, வரிசையாக. பொறுப்பிலிருந்த அம்மாள் கொய்யாப்பழம் தின்றுகொண்டே வந்து, இன்னொன்றை விட வந்தீர்களா என்று கேட்டாள். திரும்பக் கூட்டிப்போக வந்தேன் என்றதற்கு, அப்படி யாரும் வருவதில்லையே என்று சொல்லிவிட்டு, கோபமில்லாமல் கூடவே நடந்து வந்து ஒவ்வொரு கொட்டகையாகத் திறந்து காட்டினாள்.

உள்ளே எல்லாம் பிள்ளைகள். கூழாங்கல்லை எண்ணி எண்ணி முடிக்க முடியாத பையன்கள், தலையைத் தூணில் மெதுவாக முட்டிக்கொண்டே இருக்கும் பெண்கள், கண்ணை மூடவே பயந்து விழித்துக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறுசுகள். எல்லா ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். ஒவ்வொருவருடைய நல்லவனும் நல்லவளும் அந்தந்த வீட்டில் இருந்தார்கள். ஒரு கொட்டகையில் பிரகதியின் பள்ளிக்கூடத் தாளாளரின் மகனைப் பார்த்தாள். மாநிலத்திலேயே முதல் என்று பள்ளிக்கூட வாசல் பேனரில் இந்த முகம்தான் சிரித்துக்கொண்டிருக்கும். இங்கே அது தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவளுடைய இரண்டு பேரும் கடைசிக் கொட்டகையில் இருந்தார்கள். ஒரே நிறத்தில் மடத்துச் சட்டை போட்டு, மொட்டையடித்து, காலை நீட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலி காலில் இருந்தது. தழும்பு விழக்கூடாதென்று துணி சுற்றித்தான் கட்டுவோம் என்றாள் அந்த அம்மாள். ஆற்றிலிருந்து குழாய் போட இன்னும் அனுமதி வரவில்லை, குடிக்க மட்டும் தண்ணீர் உண்டு என்றாள். பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

“வந்தப்ப என்ன ஆட்டம்ங்கிறீங்க. இப்பப் பாருங்க, மூச்சுச் சத்தம் கேக்காது. நீங்க கேட்ட மாதிரியே ஆக்கிட்டோம்.”

கோகிலவாணி எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். யார் கழுவுறவள், யார் பதறுறவள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கைகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உரிந்த தோலெல்லாம் ஆறி நான்கு உள்ளங்கையும் ஒன்றுபோல மிருதுவாக இருந்தன. கொட்டகைக் கதவை எட்டி உதைத்தாள், தகரம் அதிர்ந்தது. இரண்டு பேரில் ஒருத்திகூடத் திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு முகமும் திரும்பி, பார்த்ததும், சிரித்தன. கூட வந்த மகள் மெல்லப் போய் அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையைக் கோத்துக்கொண்டு, அவளும் சுவரைப் பார்த்தாள்.

கோகிலவாணி அங்கேதான் அழுதாள். மடத்து அம்மாள் பொறுமையாகக் காத்திருந்து சங்கிலியை அவிழ்த்து விட்டாள்.

அன்று உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு கிளம்பிய பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் மூவரையும் உட்கார வைத்துக் கோகிலவாணி பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள். முந்தானையைக் கிழித்து மூன்று தலையிலும் கட்டியிருந்தாள். நாமக்கல் தாண்டும்போது செங்கோட்டுவேல் போன் செய்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள் என்றார், மடத்திலிருந்து சேதி வந்தது என்றார். பிறகு கேட்டார்.

“எவளைக் கூட்டிட்டு வர்ற?”

“பிரகதியை,” என்று சொல்லிவிட்டு அவள் போனை அணைத்தாள்.

கருங்கல்மேடு நிறுத்தம் வந்தது. நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவள் இறங்கவில்லை. சேலத்தில் அந்த டாக்டர் இன்னும் அதே இடத்தில் இருக்கிறாளா, மாற்றலாகிப் போய்விட்டாளா என்று அவளுக்குத் தெரியாது. இருந்தாலும், இத்தனைக்குப் பிறகு என்ன செய்ய முடியும் என்று தெரியாது. இவர்களை இப்படி ஆக்கியது யார் என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

ராசிபுரத்தில் பஸ் நின்றபோது அவித்த நிலக்கடலை விற்கிறவன் ஏறினான். ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்த மூவரில் ஒருத்தி, எனக்கு, என்றாள். ரொம்ப மெல்லிய குரல். எந்த வாய் திறந்தது என்று கோகிலவாணி பார்க்கவில்லை; பார்ப்பதற்குள் மூன்றும் மூடியிருந்தன. கடலைக்காரன் கூடையை இறக்கி வைத்து, எந்தப் பாப்பாவுக்கு என்று கேட்டான். அவள் மூன்று பொட்டலம் வாங்கி, ஆளுக்கொன்றாய் அந்த மடிகளில் வைத்துவிட்டு, தொந்தரவு செய்யக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் சேலத்துக்குள் நுழையும்போதுதான் குனிந்து பார்த்தாள். மூன்று மடியிலும் கடலைத் தோல் கிடந்தது.